தப்பு என்று தெரிந்தும் ஏன் ஏமாற்றுகிறார்கள்? வகுப்பில் செய்துகாட்ட வழி சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல் கேட்டது:

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி இரண்டு பீரியட் எடுக்க வேண்டும். அறிவுரை சொல்ல விருப்பமில்லை, அந்த வயதில் அது காதில் ஏறாது. "காப்பி அடிப்பது தப்பா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "தப்பு" என்கிறது. அதே வகுப்பில் சிறுதேர்வுத் தாளை அவரவர் கையில் கொடுத்துத் திருத்தச் சொன்னால் சராசரி ஒன்றிரண்டு மதிப்பெண் ஏறிவிடும்.

எனக்குப் புரியாத இடம் இதுதான். 25-க்கு 11 வாங்கியவர் அதை 25 ஆக்கிக்கொள்வதில்லை. 11 என்பது 13 ஆகும், 18 என்பது 19 ஆகும். ஏமாற்றுவதென்று துணிந்தவர் ஏன் கொஞ்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்? தப்பு என்று மனசார நம்புகிறவர் ஏன் அந்தக் கொஞ்சத்தை எடுக்கிறார்?

பகடையை வைத்து இதைக் காட்டும் சோதனை இருக்கிறது என்று மட்டும் தெரியும். 60 பேர் வகுப்பில் எப்படிச் செய்வது, எங்கே சொதப்பும், கணக்கை எப்படிப் போடுவது? எந்தப் பிள்ளையையும் திருடன் என்று அடையாளம் காட்டும்படி ஆகிவிடக் கூடாது. என் பெரிய பயமே அதுதான்.

பகடைக்கணக்கு:

டீச்சர், நீங்கள் கேட்கும் சோதனையை ஃபிஷ்பாக்கர், ஃபெல்மி-ஹோய்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தில் மாணவர்களிடம் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். யார் கண்ணிலும் படாமல் பகடையை உருட்ட வேண்டும், முதலில் விழுந்த எண்ணைத் தெரிவிக்க வேண்டும். 1 விழுந்தால் 1 பிராங்க், 5 விழுந்தால் 5 பிராங்க், 6 விழுந்தால் ஒன்றும் கிடையாது. 6-க்குப் பூஜ்யம் வைத்ததில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது. பொய்யாக 6 என்று சொல்ல யாருக்கும் காரணமில்லை. எனவே 6 என்று சொன்ன அத்தனை பேரும் உண்மை சொன்னவர்கள்.

உங்கள் வகுப்புக்குத் தேவையானவை: லூடோ பகடை 10, எவர்சில்வர் டம்ளர் 10, சின்னத் தட்டு 10, கடலை மிட்டாய் 300, காகித உறை 60, மூடி போட்ட அட்டைப்பெட்டி 2. தாயக்கட்டை வேண்டாம், அதற்கு நாலு பக்கம்தான். ஒவ்வொரு உறையிலும் 5 மிட்டாயும் ஒரு சீட்டும் இருக்கட்டும். சீட்டில் 1 முதல் 6 வரை கட்டம் அச்சடித்திருக்க வேண்டும், பிள்ளைகள் டிக் மட்டும் போட வேண்டும். எண்ணைக் கையால் எழுதச் சொன்னால் யாருடைய 5, யாருடைய 3 என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பெயர், ரோல் நம்பர் எதுவும் கூடாது. பேனாவும் எல்லா மேசையிலும் ஒரே நிறம்.

கடைசி வரிசையில் பத்து மேசையைச் சுவர் பார்த்துத் திருப்பிப் போடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர், ஆறு சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். தட்டில் பகடையை வைத்து டம்ளரைக் கவிழ்த்துக் குலுக்கி, லேசாகத் தூக்கிப் பார்த்து டிக் போட வேண்டும். எண்ணுக்கு ஏற்ற மிட்டாயை எடுத்துக்கொண்டு, சீட்டை ஒரு பெட்டியிலும் மீதி மிட்டாயை இன்னொரு பெட்டியிலும் போட்டுவிட்டு வர வேண்டும். நீங்கள் கரும்பலகைப் பக்கம் நில்லுங்கள். கையில் வாங்கி எண்ணிக் கொடுத்தால் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அப்போது நீங்கள் அளப்பது வேறொன்றாகிவிடும்.

சொதப்பும் இடங்கள். முன்கூட்டியே "இது நேர்மைச் சோதனை" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. "எந்த எண் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணப்போகிறோம்" என்று சொல்லுங்கள். அது பொய்யுமில்லை. இன்டர்னல் மார்க்கைப் பரிசாக வைக்கவே வேண்டாம். உண்மை சொன்ன பிள்ளைக்கு அது நிஜமான நஷ்டம். முதல் சுற்று முடித்தவர்கள் அடுத்த சுற்றுக்காரர்களோடு பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "நான் அஞ்சு போட்டுட்டேன்டா" என்று ஒருவன் சொன்னால் அடுத்த பத்துப் பேரும் கெட்டார்கள்.

இனிக் கணக்கு. 60 பேர் உண்மை சொன்னால் ஒவ்வொரு எண்ணும் சுமார் 10 முறை வரும். அதிர்ஷ்டத்தால் கூடக்குறைய வரலாம். திட்ட விலக்கம், அதாவது அதிர்ஷ்டத்தால் வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, 2.9. அதைப்போல இரண்டு மடங்கு வரை விலகுவது சகஜம். ஆகவே 5 என்ற சீட்டு 13 வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, 16-க்கு மேல் போனால் சந்தேகப்படலாம். சுவிஸ் மாணவர்களில் 35 சதவீதம் பேர் 5 என்றார்கள், சுமார் 27 சதவீதம் பேர் 4 என்றார்கள், 6 என்றவர்கள் 6.4 சதவீதம்தான். உங்கள் வகுப்பிலும் அப்படியே விழுந்தால் 5 என்பது 21 சீட்டு, 4 என்பது 16, 6 என்பது 4.

இதிலிருந்து மூன்று கூட்டத்தைப் பிரிக்கலாம். ஆறில் ஒருவருக்குத்தான் 6 விழும். 4 பேர் 6 என்று ஒப்புக்கொண்டால், அதைப்போல ஆறு மடங்கு, அதாவது 24 பேர், எது விழுந்தாலும் உண்மை சொல்கிறவர்கள். 5-ல் எதிர்பார்த்ததற்கு மேல் 11 சீட்டு இருக்கிறது. எது விழுந்தாலும் 5 என்பவருக்கே ஆறில் ஒரு தடவை நிஜமாக 5 விழுந்திருக்கும். அதையும் சேர்க்க 11-ஐ 6/5-ஆல் பெருக்கினால் 13 பேர், முழுதாகப் பொய் சொன்னவர்கள். மீதி 23 பேர் இரண்டுக்கும் நடுவில். 1 விழுந்தபோது 4 என்று டிக் போட்டவர் இந்தக் கூட்டம். யாரும் பார்க்கவில்லை, 5 போட்டிருந்தால் கேட்க நாதியில்லை, ஆனாலும் 4-ல் நிறுத்தினார். நீங்கள் கேட்ட "கொஞ்சம்" அந்த 4-ல் இருக்கிறது.

கரும்பலகையில் வரைபடமாகப் போடுங்கள், தனி ஆள் பேச்சே எடுக்காதீர்கள். 5 போட்டவர்களில் சுமார் 10 பேருக்கு உண்மையிலேயே 5 விழுந்திருக்கும். யாரையாவது சுட்டினால் ஒரு யோக்கியனைத் திருடனாக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

தேன்மொழி_உளவியல்:

கணக்கை மேலே அருமையாகச் சொல்லிவிட்டார். "ஏன்" என்பதற்கு வருகிறேன்.

ஏமாற்றுகிறவர் லாபத்தையும் பிடிபடும் அபாயத்தையும் மட்டும் எடைபோடுகிறார் என்றால், பகடைச் சோதனையில் எல்லோரும் 5 போட வேண்டும். அப்படி நடப்பதில்லை. 47 நாடுகளில் 44,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 90 சோதனைகளை ஏபலர், நோசென்சோ, ரேமண்ட் மூவரும் தொகுத்து 2019-ல் வெளியிட்டார்கள். பொய் சொல்லி எடுத்திருக்கக்கூடிய லாபத்தில் சுமார் முக்கால் பங்கை மக்கள் வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். பரிசுத் தொகையைக் கூட்டினாலும் இது பெரிதாக மாறவில்லை. ஆக, தப்பு என்று அவர்கள் சொல்வது வாய்வார்த்தை இல்லை. அந்த நம்பிக்கை உள்ளே வேலை செய்கிறது. செயலுக்கு வேறு பெயர் கிடைத்தால் மட்டும் ஒதுங்கி வழிவிட்டுவிடுகிறது.

பெயர் மாறுவதை வகுப்பிலேயே காட்டலாம். பாதிப் பேருக்குச் சாதாரண விதி. மீதிப் பாதிக்கு, "முதல் தடவை விழுந்ததுதான் கணக்கு, ஆனால் பகடை நன்றாக உருள்கிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு தடவை உருட்டுங்கள்" என்று ஒரு வரி கூடுதல். 2011-ல் ஷால்வியும் கூட்டாளிகளும் இந்த வகையில் செய்தபோது, வந்த எண்கள் மூன்று உருட்டலில் எது பெரியதோ அதைச் சொன்னதுபோல் இருந்தன. உங்கள் பரிசு முறைப்படி மூன்றில் ஒரு தடவையாவது 5 விழும் வாய்ப்பு 42 சதவீதம். இரண்டாம் உருட்டலில் 5-ஐக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. "விழாததையா சொன்னேன், விழுந்ததைத்தானே சொன்னேன்" என்ற சமாதானம் ரெடி. கற்பனையில் 5 போட அஞ்சுகிற அதே பிள்ளை, கண்ணால் பார்த்த 5-ஐக் கூச்சமில்லாமல் போடும்.

பணத்தில் இது இன்னும் தெளிவு. 40 நாடுகளில், இந்தியாவையும் சேர்த்து, 355 நகரங்களில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை "வழியில் கிடந்தது" என்று வங்கி, தபால் நிலையம், ஹோட்டல் கவுன்டர்களில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. காசில்லாத பர்ஸைப் பற்றி உரியவருக்குத் தகவல் சொன்னவர்கள் 40 சதவீதம். உள்ளூர்ப் பணமாகச் சுமார் 13 டாலர் மதிப்பு இருந்தபோது 51 சதவீதம். மூன்று நாடுகளில் 94 டாலர் வைத்தபோது 72 சதவீதம். பணம் கூடக்கூடத் திருப்பிக் கொடுப்பது குறையும் என்றுதான், கணிக்கச் சொல்லிக் கேட்கப்பட்டவர்கள் பொதுவாகச் சொன்னார்கள். நடந்தது தலைகீழ். வெறும் பர்ஸை மேசை டிராயரில் போட்டு மறந்தால் அது சோம்பல். 94 டாலரோடு மறந்தால் அது திருட்டு, வேறு பெயர் வைக்க வழியில்லை. உங்கள் பிள்ளை 11-ஐ 13 ஆக்கும்போது "அந்த விடை பாதி சரிதானே" என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. 25 ஆக்கினால் என்ன சொல்லிக்கொள்ளும்?

இந்தச் சமாதானங்களை சைக்ஸ், மாட்ஸா என்ற குற்றவியலாளர்கள் 1957-லேயே ஐந்தாகப் பிரித்து எழுதினார்கள். பரீட்சை ஹால் பாஷையில் சொன்னால்: "பாடத்தையே நடத்தல, நான் என்ன பண்றது." "ரெண்டு மார்க்தானே, யாருக்கு நஷ்டம்." "அந்த வாத்தியாருக்கு வேணும்." "அவங்க மட்டும் ரொம்ப யோக்கியமா." "ஃப்ரெண்டு ஃபெயிலாகிறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா." இதில் கடைசிதான் நம் ஊரில் அசைக்க முடியாதது. மற்ற நாலும் சாக்கு என்று சொல்கிறவருக்கே பாதி தெரியும். கடைசியைப் பிள்ளைகள் சாக்காகவே பார்ப்பதில்லை, அவர்களுக்கு அது ஒரு நல்ல குணம். விடையைக் காட்டாதவனுக்கு வகுப்பில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

வைசெல், ஷால்வி 2015-ல் இருவர் இருவராக உட்காரவைத்துச் செய்த சோதனையைப் பாருங்கள். முதலாமவர் உருட்டிச் சொல்வார். அதைக் கேட்டபின் இரண்டாமவர் உருட்டிச் சொல்வார். இரண்டும் ஒன்றானால் இருவருக்கும் பணம். 20 சுற்றில் மூன்று நான்கு தடவைதான் இரட்டை விழ வேண்டும். சராசரியாக 16 தடவை விழுந்ததாகச் சொன்னார்கள். கூட ஒருவருக்கும் லாபம் என்றாகிவிட்டால் பொய் உதவியாகிவிடுகிறது.

சான்றுகேள்:

தேன்மொழி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒரு திருத்தம். 4-ல் நிறுத்துகிறவர் தன் மனசுக்காக மட்டும் நிறுத்துவதில்லை. கினீசியும் இன்னும் இருவரும் 2018-ல் வெளியிட்ட சோதனையில், விழுந்த எண் கணினியில் பதிவாகும், ஆய்வாளர் பிறகு பார்க்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. அங்கே பொய் சொன்னவர்கள் குறைந்தார்கள். ஆனால் சொன்னவர்கள் உச்ச எண்ணுக்கே போனார்கள், நடுவில் நிறுத்துவது ஏறக்குறைய மறைந்துவிட்டது. எப்படியும் தெரியும் என்றால் 4 சொல்லி என்ன பயன்? ஆகவே அந்த "கொஞ்சம்" பிறர் கண்ணுக்கு யோக்கியமாகத் தெரியவும்தான். பேரில்லாத சீட்டிலும் அந்த எண்ணம் போவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. இந்தத் தலைப்பில் இணையத்தில் சுற்றும் இரண்டு முடிவுகளை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். ஒன்று, தேர்வுக்கு முன் பத்துக் கட்டளைகளை நினைவுபடுத்தினால் ஏமாற்றுவது நின்றுவிடும் என்ற 2008 ஆய்வு. 2018-ல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து அதே சோதனையை மறுபடி செய்தபோது அந்த விளைவு வரவில்லை.

இரண்டாவது, படிவத்தின் அடியில் வாங்கும் கையெழுத்தை மேலே வாங்கினால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்ற 2012 கட்டுரை. பல அலுவலகங்கள் இதை நம்பிப் படிவத்தையே மாற்றின. எழுதியவர்களே 2020-ல் திரும்பச் செய்தார்கள், பலன் இல்லை. 2021-ல் அதன் கார் காப்பீட்டுத் தரவை வேறு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 13,488 பாலிசிகள். ஒரு வருடத்தில் ஓட்டிய தூரம் இயல்பாக நடுவில் குவிந்து ஓரங்களில் மெலிய வேண்டும். இதிலோ 1,000 மைல் ஓட்டியவரும் 20,000 மைல் ஓட்டியவரும் 49,000 மைல் ஓட்டியவரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. 50,000 தாண்டியதும் வெட்டிவிட்டதுபோல் ஒருவரும் இல்லை. கையால் எழுதும்போது மனிதர்கள் 45,000 என்று முழுசாக்கி எழுதுவார்கள். வாடிக்கையாளர் படிவத்தில் எழுதிய புதிய மீட்டர் எண்களில், அதாவது வண்டி ஓடிய மொத்தத் தூரத்தில், அந்த வழக்கமே காணோம். எக்செல் கோப்பில் அதற்கு முன்பே பதிவாகியிருந்த பழைய மீட்டர் எண்கள் பாதி ஒரு எழுத்துருவிலும் பாதி வேறொன்றிலும் இருந்தன. அந்தத் தரவு புனைந்தது என்று தெரிந்து அதே ஆண்டு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வுக்கே இப்படி நேர்ந்தது வருத்தமான விஷயம். இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம் என்பது என் கருத்து. பகடைக் கணக்கில் அவர்கள் கற்றுக்கொள்ளும் அதே முறைதான் இங்கேயும் பொய்யைப் பிடித்தது. தனி ஆளைப் பார்த்து எதுவும் தெரியாது, மொத்த வடிவத்தைப் பார்த்தால் தெரியும்.

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. உறுதிமொழியில் கையெழுத்து வாங்கும் திட்டம் இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். தாள் திருத்துவதில் நடைமுறையாக என்ன செய்யலாம்? இன்னொரு பிரிவில் 28 பேர்தான். பகடை அங்கே வேலை செய்யுமா?

சிவப்புமை:

தாள் விஷயத்துக்கு நான் சொல்கிறேன் டீச்சர். முதலில் ஒரு பழைய முடிவு. 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே இருவரும் சுமார் 11,000 பள்ளிப் பிள்ளைகளிடம் பலவிதமாகச் சோதித்தார்கள். ஒரு முறை: தாளை வாங்கி, பிள்ளைகளுக்குத் தெரியாமல் நகல் எடுத்து, விடைக்குறிப்போடு திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்வது. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்திலும் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று பிரித்து உட்காரவைப்பதைவிட இடத்தைச் சரிசெய்வது பலன் தரும்.

தாளை வாங்கியதும் எழுதாத இடத்திலெல்லாம் சாய்கோடு போட்டுவிடுங்கள். பிறகு சேர்த்து எழுத இடம் இருக்காது. நீலப் பேனாவைப் பைக்குள் வைக்கச் சொல்லி, சிவப்புப் பேனா மட்டும் மேசையில். தாளை மாற்றித் திருத்தச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ள விடாதீர்கள். உன்னுடையது எனக்கு, என்னுடையது உனக்கு என்றால் தேன்மொழி சொன்ன ஜோடிக் கணக்கு அங்கேயே தொடங்கிவிடும். முதல் வரிசைத் தாள் மூன்றாவதுக்கு, மூன்றாவது ஐந்தாவதுக்கு, ஐந்தாவது முதலுக்கு என்று வட்டமாகப் போகட்டும். நான் திருத்துவது ஒருவருடையது, என் தாளைத் திருத்துவது வேறொருவர் என்றால் கொடுக்கல் வாங்கலுக்கு இடமில்லை.

மார்க் ஏறும் உண்மையான இடம் "ஓரளவு சரி" என்ற விடைகள். விடைக்குறிப்பில் "பொருத்தமாக இருந்தால் 2" என்று எழுதினால் அது அழைப்புமாதிரி. "இந்தச் சொல் இருந்தால் 1, சமன்பாடு சமன்செய்திருந்தால் 1, இல்லையேல் 0" என்று எழுதுங்கள். அரை மார்க் கிடையாது. ஆரம்பத்திலேயே "60 தாளில் சீட்டுக் குலுக்கி ஐந்தை நான் மறுபடி திருத்துவேன்" என்று சொல்லிவிடுங்கள், சொன்னபடி செய்யவும் செய்யுங்கள். குலுக்கலை அவர்கள் முன்னாலேயே நடத்துங்கள். நீங்களே ஐந்து பேரைப் பொறுக்கினால் "என்மேல மட்டும் டவுட்டு" என்று ஒரு பிள்ளை மனசு உடையும். அடுத்த தடவை ஏமாற்ற அதற்கு அதுவே சாக்கு.

பகடைக்கணக்கு:

28 பேருக்குப் பகடை போதாது. 5 என்பது நாலைந்து சீட்டுதான் வர வேண்டும், எட்டு வந்தால்கூட அதிர்ஷ்டமா பொய்யா என்று அடித்துச் சொல்ல முடியாது. அங்கே நாணயத்தைச் சுண்டச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தனியாகப் பத்து முறை பூவா தலையா போட்டு, எத்தனை தலை என்று 0 முதல் 10 வரை உள்ள கட்டத்தில் டிக் போட வேண்டும். இரண்டு தலைக்கு ஒரு மிட்டாய். 28 பேரும் சேர்ந்து 280 முறை சுண்டுவார்கள். 140 தலை எதிர்பார்க்கலாம், திட்ட விலக்கம் 8.4. மொத்தம் 157 தாண்டினால் சந்தேகம். எட்டோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு 5.5 சதவீதம், அதாவது வகுப்பில் ஒன்றிரண்டு பேர். ஆறேழு பேர் அப்படி எழுதியிருந்தால் வரைபடத்தின் வலதுபக்கம் புடைத்து நிற்கும், பிள்ளைகளே பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். பத்துக்குப் பத்து என்று எழுத அநேகமாக ஆளிருக்காது, ஏழிலும் எட்டிலும்தான் கூட்டம் சேரும். நாணயம் தரையில் விழுந்து சத்தம் கேட்டால் எத்தனை முறை சுண்டினார் என்று பக்கத்தில் எண்ணிவிடுவார்கள், ஆகவே மேசையில் ஒரு துண்டை விரித்துப் போடுங்கள்.